இதய அகவுறை அழற்சியும் பெனிசிலினும்
— ஒரு மருந்தின் உடல்வழி வரலாறு —

புதிய மருந்தொன்று கண்டுபிடிக்கப்பட்டவுடன் அதற்குரிய நோய் தோற்றுவிட்டது என்று கருதுதல் மக்கள் இயல்பாகும். வரலாறு அவ்வாறு கூறுவதில்லை. ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டிலே மருந்தும் கிருமியும் நேர்க்கு நேர் நிற்கின்றன. இட்ட மருந்து இட்ட இடத்திலேயே கிடக்கின்றது. நோயாளியின் உடலிலோ நிலைமை வேறு. ஊசிவழிச் சென்ற மருந்து குருதியிற் கலக்கின்றது, இழையங்களிற் பரவுகின்றது, ஒரு பகுதி குருதிப் புரதங்களாற் பற்றிக்கொள்ளப்படுகின்றது, எஞ்சியதைச் சிறுநீரகம் இடையறாது வெளியேற்றுகின்றது. மருந்துக்கும் கிருமிக்கும் இடையே உடல் என்னும் பெருவெளி கிடக்கின்றது. அவ்வெளியைக் கடந்து, போதிய அளவில், போதிய காலம், உரிய இடத்தில் நிற்கும் மருந்தே நோயை வெல்லும்.

இவ்வுண்மையை வைத்திய உலகுக்குத் தெளிவாக உணர்த்திய நோய்களுள் ஒன்று இதய அகவுறை அழற்சி. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை இந்நோய் கண்டோர் ஏறத்தாழ எல்லோரும் இறந்தனர். பெனிசிலின் வந்த பின்னரும் முதற்கண் இறந்தனர். மருந்தின் குணம் மாறாதிருக்க, அதை வழங்கும் முறை மாறியமையாலேயே பின்னர் அவர்கள் பிழைத்தனர். அம்மாற்றம் நிகழ்ந்தவாற்றை ஆராய்தல் பயனுடைத்து.

நோயின் இயல்பு

இதயத்தின் உட்புறத்தை மெல்லிய உறையொன்று போர்த்தியுள்ளது. இதய வால்வுகளும் அவ்வுறையாற் போர்த்தப்பட்டவையே. வாதக் காய்ச்சலாலோ, பிறவிக் குறையாலோ வால்வு பழுதுற்றவிடத்து அதன் மேற்பரப்பிற் குருதிச் சிறுதட்டுக்களும் பைபிரின் என்னும் நார்ப்பொருளும் படிகின்றன. பல் பிடுங்குதல் போன்ற எளிய நிகழ்ச்சியாற் குருதியிற் புகுந்த கிருமிகள் அப்படிவிற் பற்றிக்கொண்டு பெருகுகின்றன. அவற்றின் மேல் மீண்டும் நார்ப்பொருள் படிகின்றது. இவ்வாறு அடுக்கடுக்காக வளர்ந்து, செடியின் முளை போல வால்விலே தொங்கும் திரளை மேனாட்டு வைத்தியர் தாவர வளர்ச்சி என்னும் பொருள்படும் பெயராற் குறித்தனர். அதனை ஈண்டு முளை என வழங்கலாம்.

இம்முளையினின்றும் சிறு துண்டுகள் அவ்வப்போது கழன்று, குருதியோடு சென்று, மூளை, சிறுநீரகம், மண்ணீரல் முதலிய உறுப்புக்களின் நாளங்களை அடைக்கின்றன. வால்வும் படிப்படியாக அரிக்கப்பட்டுச் சிதைகின்றது. நோயாளி வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காய்ச்சலால் மெலிந்து, ஈற்றில் இதயச் செயலிழப்பாலோ மூளைப் பாதிப்பாலோ மாய்கின்றான்.

முளையின் அமைப்பிலே விந்தையொன்று உண்டு. உடலின் குருதி முழுவதும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு முறை அதனை உராய்ந்து செல்கின்றது. எனினும் முளைக்குள்ளே குருதிக் குழாய்கள் இல்லை. ஆற்று வெள்ளத்தின் நடுவே கிடக்கும் கல்லின் உட்புறம் நனையாதிருத்தல் போல, முளையின் உள்ளிடம் குருதிக்குப் புறம்பானதாகவே உள்ளது. வெண்குருதிக் கலங்களும் அங்கே எளிதிற் புகமாட்டா. ஏனைய நோய்களிலே மருந்து கிருமியை நலிவித்தால் எஞ்சிய வேலையை உடலின் காப்புப் படை முடித்துவிடும். இங்கே மருந்து தனித்தே போர் புரிதல் வேண்டும்.

நம்பிக்கையற்ற காலம்

இதய அகவுறை என்னும் பெயரையும் அதன் அழற்சி என்னும் கருத்தையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரெஞ்சு வைத்தியர் புயோ நிலைநாட்டினார். 1852இல் இலண்டனைச் சேர்ந்த கேர்க்ஸ் என்பார், வால்விலிருந்து கழன்ற துண்டுகள் தூரத்து நாளங்களை அடைத்தலை விளக்கினார். 1885இல் வில்லியம் ஒஸ்லர் இலண்டன் வைத்தியர் கல்லூரியில் நிகழ்த்திய கல்ஸ்ரோனியன் விரிவுரைகள், சிதறிக் கிடந்த செய்திகளைத் தொகுத்து, இந்நோயை ஒரு முழுமையான நோயாக வைத்திய உலகின் முன் வைத்தன. 1909இல் ஹோடர் இங்கிலாந்தில் 150 நோயாளரைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டில் ஜேர்மனியில் ஷொற்முல்லரும் நியூயோர்க்கில் லிப்மனும், மெதுவாகக் கொல்லும் வகைக்குப் பெரும்பாலும் காரணமாவது வாயில் இயல்பாக வாழும் ஒருவகை ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமியே என்பதைத் தெளிவுபடுத்தினர்.

அறிவு வளர்ந்தது, சிகிச்சை வளரவில்லை. இதற்குச் சான்றாக அமைவது இசைமேதை குஸ்தாவ் மாலரின் முடிவு. அவருடைய இதய வால்வு பழுதுற்றிருந்தமை 1907இல் அறியப்பட்டிருந்தது. 1911 பெப்ரவரியில் நியூயோர்க்கில் அவர் காய்ச்சலுற்றபோது, லிப்மனின் உதவியாளர் அவருடைய குருதியை எடுத்து வளர்ப்பூடகத்தில் இட்டுச் சோதித்தார். கிருமி வளர்ந்தது, நோய் ஐயமின்றித் துணியப்பட்டது. ஆனால் துணிந்தபின் செய்வதற்கு யாதும் இருக்கவில்லை. மாலர் ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவ்வாண்டு மே 18ஆந் திகதி வியன்னாவிற் காலமானார். அக்காலத்திலே குருதிச் சோதனையின் முடிவு மரணத் தீர்ப்புக்கு ஒப்பானதாகவே இருந்தது.

1930ஆம் ஆண்டுகளிற் சல்பா மருந்துகள் தோன்றின. நுரையீரலழற்சி முதலிய நோய்களில் அவை பெரும்பயன் அளித்தன. இந்நோயிலோ காய்ச்சல் தணிந்தது. மருந்தை நிறுத்தியதும் மீண்டது. பிழைத்தோர் மிகச் சிலரே. சல்பா மருந்துகள் கிருமியின் பெருக்கத்தைத் தடுப்பனவேயன்றி அதனைக் கொல்வன அல்ல. முளையினுள்ளே தடைப்பட்டு நின்ற கிருமியை அழிக்க அங்கு வெண்குருதிக் கலங்களும் இல்லை. இக்காரணம் பின்னரே நன்கு விளங்கிற்று.

பெனிசிலினின் வருகை

1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் இலண்டன் சென் மேரீஸ் வைத்தியசாலையிற் கண்ட பூஞ்சணத்தின் சாற்றை, ஒக்ஸ்போட்டில் புளோறி, செயின், ஹீற்லி ஆகியோர் மருந்தாக்கினர். 1940 மே 25ஆந் திகதி அவர்கள் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியை ஏற்றி, அவற்றுள் நான்குக்குப் பெனிசிலின் கொடுத்தனர். மருந்து பெற்ற எலிகள் பிழைத்திருக்க, பெறாத நான்கும் மறுநாட் காலைக்குள் இறந்தன.

1941 பெப்ரவரி 12ஆந் திகதி அல்பேட் அலெக்சாண்டர் என்னும் பொலிஸ் உத்தியோகத்தருக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. அவர் வியக்கத்தக்க வகையில் தேறிவந்தார். ஆனால் மருந்து விரைவில் தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் அவருக்கே ஏற்றினர். அதுவும் முடிந்தபின் நோய் திரும்பியது. மார்ச் 15ஆந் திகதி அவர் இறந்தார். இந்நிகழ்ச்சி இரங்கத்தக்கது, அதனோடு ஒரு பாடத்தையும் உட்கொண்டது. மருந்து சிறுநீரிற் கிடைத்தது என்பதன் பொருள், அது உடலில் நில்லாது ஓடிவிடுகின்றது என்பதே. உடல் பெனிசிலினைச் சிதைப்பதிலும் விரைவாகச் சிறுநீரகம் அதனை மாற்றமின்றி வெளியேற்றிவிடுகின்றது.

ஒக்ஸ்போட்டின் இம்முயற்சிக்கு முன்னரே, 1940 ஒக்ரோபரில், நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஹென்றி டோசன், தம் குழுவினர் தயாரித்த சிறிதளவு பெனிசிலினை நோயாளருக்கு ஏற்றியிருந்தார். அவர் தேர்ந்தது இதய அகவுறை அழற்சியையே. பிறிது எந்த வழியாலும் பிழைக்க முடியாதோருக்கே புதிய மருந்து முதலில் உரியது என்பது அவர் கொள்கை. கிடைத்த அளவு மிகச் சிறிதாதலின் திட்டமான பயன் காணப்படவில்லை. தாமே தீராத் தசைநோயால் வருந்திக்கொண்டிருந்த டோசன் இம்முயற்சியைக் கைவிடாது தொடர்ந்தார். ஹன்ரர் என்பவருடன் சேர்ந்து 20 நோயாளரின் சிகிச்சை முடிவுகளை 1945இல் வெளியிட்டு, அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

மறுக்கப்பட்ட மருந்து

உலகப் போரின் நடுவில், ஐக்கிய அமெரிக்காவிற் பெனிசிலின் தங்கத்திலும் அரியதாயிருந்தது. பொதுமக்களுக்குரிய சிறு பங்கை யாருக்கு வழங்குவது என முடிவு செய்யும் பொறுப்பு, செஸ்ரர் கீபர் என்னும் வைத்தியரைத் தலைவராகக் கொண்ட குழுவினரிடம் இருந்தது. 1943இல் அக்குழு 500 நோயாளரைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், இதய அகவுறை அழற்சியுற்ற 17 பேரும் அடங்குவர். அவர்களிடம் கண்ட பயன் ஏமாற்றம் தருவதாயிருந்தது. அதன் பின் இந்நோயாளருக்குப் பெனிசிலின் வழங்கப்படுவதில்லை என்னும் நிலை ஏற்பட்டது.

கீபர் குழுவினரைக் கொடியோர் எனக் கூறுதல் நேர்மையன்று. ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து மற்றொருவரிடமிருந்து எடுக்கப்படுவதேயாம். சில நாட் சிகிச்சையாற் பிழைக்கக்கூடிய பலர் காத்திருக்க, வாரக்கணக்கில் மருந்தை உண்டும் இறப்பவர் ஒருவருக்கு அதனை ஈதல் முறையோ என்னும் வினா எளிதன்று. ஆயின் அவர்களது முடிவின் அடியில் அளவைப் பிழையொன்று மறைந்திருந்தது. இந்த அளவில், இவ்வளவு காலம் கொடுத்த மருந்து பயன்படவில்லை என்பதே சான்று காட்டியது. இம்மருந்து இந்நோய்க்குப் பயன்படாது என்பது அதிலிருந்து பெறப்படுவதன்று.

அவ்வேறுபாட்டைச் செயலிற் காட்டியவர் புறூக்கிளின் யூத வைத்தியசாலையைச் சேர்ந்த லியோ லோவி. அந்நகரிலேயே பெனிசிலின் உற்பத்தி செய்த பைசர் கம்பனியின் தலைவர்களுள் ஒருவரான ஜோன் ஸ்மித் அவருக்கு மருந்து கிடைக்க வழிசெய்தார். லோவி முன்னையோர் வழங்கியதிலும் மிகுந்த அளவைத் தெரிந்தார். அதனை நாளத்தின்வழி இரவும் பகலும் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினார். காய்ச்சல் தணிந்த பின்னரும் நிறுத்தாது தொடர்ந்தார். 1944 ஜனவரியில், தொடர்ச்சியாகச் சிகிச்சை பெற்ற ஏழு நோயாளரும் நலமுற்றனர் என்னும் அறிக்கையை அவரும் துணைவரும் வெளியிட்டனர். அவ்வாண்டு மார்ச்சில் புறூக்கிளினில் ஆழ்தொட்டி முறையிற் பெனிசிலின் தயாரிக்கும் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. மருந்துப் பஞ்சம் நீங்க நீங்க, மறுப்பும் நீங்கியது.

லோவியின் முறையில் ஒரு பிழையும் இருந்தது. முளையின் மேற் புதிய படிவு உண்டாகாமற் குருதியுறைவைத் தடுக்கும் ஹெபாரினையும் அவர் உடன் கொடுத்தார். அது தேவையற்றது என்பதும், மூளையிற் குருதிக்கசிவை விளைவிக்கக்கூடியது என்பதும் பின்னர் உணரப்பட்டன. வெற்றி கண்ட முறையின் எல்லாக் கூறுகளும் வெற்றிக்குக் காரணமாகா என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அளவும் காலமும்

பெனிசிலின் குருதியில் நிற்கும் காலத்தைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். சிறுநீரகம் நன்கியங்கும் ஒருவரிடத்து, குருதியிலுள்ள பெனிசிலின் ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை பாதியாகின்றது. எனவே நான்கு மணி நேரத்தில் எட்டுமுறை பாதியாகி, 256இல் ஒரு பங்கே எஞ்சும். கொடுக்கும் அளவை இருமடங்காக்கினால் மருந்து பயன்தரும் காலம் அரை மணி மட்டுமே நீளும். ஆதலின் பெருந்தொகையை ஒரே முறையில் ஏற்றுதலிலும் சிறிது சிறிதாக அடிக்கடி ஏற்றுதலே சிறந்தது. ஹரி ஈகிள் என்னும் அமெரிக்க அறிஞர் 1940ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னும் விலங்குகளில் நடத்திய ஆய்வுகள் இதனை உறுதி செய்தன. பெனிசிலினின் ஆற்றல், குருதியில் அது எட்டும் உச்சத்தைப் பொறுத்ததன்று. கிருமியைக் கொல்லப் போதிய செறிவு எவ்வளவு நேரம் நிலைக்கின்றது என்பதையே பொறுத்தது.

ஒரு நாளைய அளவு இவ்வாறு தெளிவுற, எத்தனை நாள் என்னும் வினா எஞ்சியது. பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிச் சபை இதனைத் திட்டமிட்டு ஆராய்ந்தது. 14 நிலையங்களிற் சிகிச்சை பெற்ற 147 நோயாளரைப் பற்றிக் கிறிஸ்ரி 1946இல் அறிக்கை வெளியிட்டார். குறுகிய காலத்திற் பெருமளவு மருந்து பெற்றோருக்கு நோய் மீண்டது. நெடுங்காலம் பெற்றோர் கூடுதலாகப் பிழைத்தனர். நாளொன்றுக்குக் குறைந்தது 500,000 அலகு வீதம் 28 நாட்கள் என்பது அதன் பரிந்துரை. நான்கு வாரம் என்னும் அவ்வெல்லை, பல்லாண்டுகளுக்குப் பின்னரும் இந்நோய்ச் சிகிச்சையின் அடிப்படையாக நிலைத்துள்ளது. நாளளவு மட்டும் பன்மடங்கு உயர்ந்து, பொதுவாக 12,000,000 முதல் 18,000,000 அலகு வரை வழங்கப்படலாயிற்று.

நான்கு வாரம் ஏன் வேண்டும்? 1942இல் ஹொபியும் துணைவரும் பெனிசிலின் பெருகுகின்ற கிருமிகளையே கொல்கின்றது எனக் காட்டினர். கிருமி தன் சுவரைப் புதிதாகக் கட்டும்போதே பெனிசிலின் அதனைக் கெடுக்கின்றது. கட்டாதிருக்கும் கிருமியிடம் அதற்கு வேலையில்லை. 1944இல் டப்ளின் நகர அறிஞர் ஜோசப் பிகர், பெனிசிலினில் இட்ட கிருமித் திரளில் மிகச் சில எப்பொழுதும் உயிர் எஞ்சுவதைக் கண்டார். அவை எதிர்ப்பாற்றல் பெற்றவை அல்ல, உறங்குபவை. விழித்துப் பெருகத் தொடங்கியதும் அவையும் மாயும். முளையின் உள்ளே நெருங்கிக் கிடக்கும் கிருமிகளுட் பல இவ்வாறு உறங்குவன. அவை விழிக்கும்போதெல்லாம் மருந்து அங்கே காவல் நிற்க வேண்டும். நான்கு வாரம் என்பது அக்காவலின் நீளமாகும்.

மருந்து போதுமா என்பதை நோயாளியின் குருதியிலேயே அளக்கும் முறையும் பிறந்தது. 1947இல் சிலிக்டரும் மக்லீனும், சிகிச்சை பெறும் நோயாளியின் குருதிநீரைப் படிப்படியாக ஐதாக்கி, அவரிடமிருந்தே எடுத்த கிருமியை அதில் இட்டுச் சோதித்தனர். எத்தனை மடங்கு ஐதாக்கிய பின்னும் அது கிருமியை வெல்கின்றது என்பது மருந்தின் வலுவைக் காட்டியது. பிற்காலத்தில் இச்சோதனை பெரிதும் கைவிடப்பட்டதாயினும், எல்லோருக்கும் ஒரே அளவு என்பதை விடுத்து, இந்நோயாளியின் உடலில் மருந்து எவ்வாறு நடக்கின்றது எனக் கேட்ட முதன் முயற்சிகளுள் அது ஒன்று.

சிறுநீரகம் என்னும் வாயில்

பெனிசிலினைச் சிறுநீரக நுண்குழாய்கள் முனைந்து வெளித்தள்ளுகின்றன என்பது அறியப்பட்டதும், அவ்வாயிலை அடைக்கும் உபாயம் தேடப்பட்டது. அதே வழியால் வெளியேறும் வேறொரு பொருளை உடன் கொடுத்தால், இரண்டும் ஒரு வாயிலுக்குப் போட்டியிட, பெனிசிலின் தாமதிக்கும். இக்கருத்தின்படி 1943இல் ரமல்கம்ப், பிறட்லி ஆகியோர் கதிர்ப்படத்துக்குப் பயன்பட்ட டையோட்றாஸ்றைக் கொடுத்துப் பார்த்தனர். 1951இல் பையரும் துணைவரும் புரொபெனெசிட் என்னும் சிறந்த மருந்தை அறிமுகப்படுத்தினர். அதற்குள் பெனிசிலின் மலிந்துவிட்டமையால், இந்நோயில் அதன் தேவை குறைந்தது.

வாயில் தானே அடைபடுதலும் உண்டு. இந்நோயிற் சிறுநீரகமே பழுதுறுதல் சாதாரணம். அப்பொழுது மருந்து உடலில் தேங்குகின்றது. பெனிசிலினாயின் பெருமளவு தேங்கும்போது வலிப்பு நேரலாம். ஸ்ரெப்ரோமைசின், ஜென்ரமைசின் போன்றவையாயின் செவிப்புலன் கெடுதலும் சிறுநீரகம் மேலும் நலிதலும் நேரும். ஒருவருக்குப் போதாத அளவு மற்றொருவருக்கு நஞ்சாகும் என்பதை வைத்தியர் இங்கே அனுபவத்தாற் கற்றனர்.

கூட்டு மருந்து

குடலில் வாழும் என்ரரோகொக்கஸ் என்னும் கிருமி வால்விற் பற்றியபோது பெனிசிலின் மட்டும் பெரும்பாலும் தோற்றது. அது கிருமியைத் தடுத்ததேயன்றிக் கொல்லவில்லை. 1940ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஹன்ரர், ஸ்ரெப்ரோமைசினையும் சேர்த்து வழங்கி வெற்றி கண்டார். தனித்தனியே ஆற்றல் குறைந்த இரண்டு சேர்ந்து எவ்வாறு வென்றன என்னும் வினாவுக்கு, 1971இல் மொலறிங்கும் வைன்பேர்க்கும் விடை அளித்தனர். பெனிசிலின் கிருமியின் சுவரைப் பழுதாக்க, அவ்வழியே மற்ற மருந்து உட்புகுந்து கொல்கின்றது. ஸ்ரபிலோகொக்கஸ் கிருமியோ பெனிசிலினையே சிதைக்கும் நொதியைச் சுரந்தது. அதற்கு எதிராக 1960 அளவில் மெதிசிலின் வந்தது. அதனையும் எதிர்க்கும் வகைகள் பின்னர் தோன்றின. மருந்தால் மட்டும் ஆகாதவிடத்து அறுவை துணைக்கு வந்தது: 1965இல், கிருமி பற்றியிருக்கும்போதே வால்வை அகற்றிச் செயற்கை வால்வு பொருத்திய சிகிச்சை அமெரிக்காவிலிருந்து அறிவிக்கப்பட்டது.

முளையின் உள்ளே

இவ்வளவு காலமும் அறிஞர் குருதியையே அளந்தனர். முளையினுள்ளே நிகழ்வதை ஊகித்தனர். 1972இல் ஒக்ஸ்போட்டில் டியூறக், பீசன் ஆகியோர் முயல்களில் இந்நோயை உண்டாக்கி, முளைக்குள்ளே கிருமிகள் பெருந்தொகையாய்ச் செறிந்தும் செயல் குன்றியும் இருத்தலைக் காட்டினர். 1980ஆம் ஆண்டுகளின் இறுதியிற் பிரான்சில் கிறேமியே, கார்போன் முதலியோர் கதிரியக்கம் ஊட்டிய மருந்துகளை விலங்குகளுக்கு ஏற்றி, முளையின் மெல்லிய வெட்டுமுகத்தைப் படம்பிடித்தனர். மருந்துகள் ஒரே வகையாகப் பரவவில்லை. ரெய்கோபிளானின் முளையின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. பெனிசிலின் உட்செல்லச் செல்லக் குறைந்தது. குயினொலோன் வகை மருந்துகள் உள்ளெங்கும் பரவின. முற்காலத்து வைத்தியர் பெருமளவையும் நெடுங்காலத்தையும் வேண்டியதன் காரணம் இப்படங்களிற் கண்ணாற் காணத்தக்கதாயிற்று. குருதியிலே செறிவு ஓங்கினாலன்றி முளையின் மையத்தை ஒரு துளியும் எட்டாது.

மருந்தின் உடல்நடையை அளந்தறியும் இவ்வறிவே பிற்காலத்திற் சிகிச்சையை எளிதாக்கவும் துணைநின்றது. டென்மார்க்கில் 400 நோயாளரைக் கொண்டு நடத்தி 2019இல் அச்சேறிய ஆய்வொன்றில், ஊசிமருந்தால் நிலைதேறியோருட் பாதிப்பேருக்கு எஞ்சிய காலம் வாய்வழி மருந்துகள் இரண்டு சேர்த்துக் கொடுக்கப்பட்டன. உட்கொண்டது குருதியிற் சேர்கின்றதா என்பது அளந்து பார்க்கப்பட்டது. இறப்பு, நோய் மீளல் முதலிய தீய விளைவுகள் ஊசிமருந்து தொடர்ந்தோரில் 12.1 வீதமும் வாய்வழி பெற்றோரில் 9.0 வீதமும் ஆயின. வாய்வழி முறை தாழ்ந்ததன்று என்பது முடிவு. எனினும் இது தேர்ந்தெடுத்த நோயாளருக்கே பொருந்தும். இந்நோய் இன்னும் உயிர்குடிக்கும் நோயாகவே உள்ளது; நோய் கண்டோரிற் கணிசமானோர் சிகிச்சையின் பின்னரும் இறக்கின்றனர்.

முடிவுரை

1943இல் 17 நோயாளரிடத்துப் பயன்படாத பெனிசிலினும், அடுத்த ஆண்டில் எழுவரைக் காத்த பெனிசிலினும் ஒன்றே. இடையில் மாறியது மருந்தன்று, மருந்தைப் பற்றிய வினா. இது வேலை செய்யுமா எனக் கேட்டவர்கள் இல்லை என்னும் விடையைப் பெற்றனர். எவ்வளவு, எத்தனை நேரம், எந்த இடத்தில் எனக் கேட்டவர்கள் நோயாளரைப் பிழைப்பித்தனர். முதல் வினாவின் விடையோடு அமைந்திருந்தால், இளமையில் வாதக் காய்ச்சலால் வால்வு பழுதுற்ற எத்தனையோ பேர், மருந்து உலகில் இருந்தும், அதனைப் பெறாமலே இறந்திருப்பர். ஒரு முயற்சியின் தோல்வியைக் கண்டவிடத்து, தோற்றது பொருளா, அதனைக் கையாண்ட முறையா என வேறுபடுத்தி நோக்குதல் வைத்தியத்துக்கு மட்டுமன்றி எல்லாக் கல்விக்கும் இன்றியமையாததாகும்.